டிவிஆரில் எடுத்த டிஏவி ஃபைலை எல்லாரும் பார்க்கிற மாதிரி மாற்றுவது எப்படி?

தெருமுனை:
வாசலில் நிறுத்தியிருந்த காரின் பின்பக்கத்தை விடியற்காலையில் ஒரு மினி லாரி இடித்து நசுக்கிவிட்டு நிற்காமல் போய்விட்டது. நல்ல வேளையாக கேட் கேமராவில் விழுந்திருக்கிறது. கேமராப் படத்தைப் பதிகிற டிவிஆர் பெட்டியோடு இருக்கிற மானிட்டரில் பார்த்தால் வண்டி, அதன் நிறம், நம்பர் பிளேட்டில் பாதி எல்லாம் தெரிகிறது. பென் டிரைவ் போட்டு பேக்கப் எடுத்தேன், வந்த ஃபைல் டிஏவி என்று முடிகிறது. லேப்டாப்பில் திறக்கவில்லை, போனிலும் இல்லை. இன்ஷூரன்ஸ் சர்வேயர் மெயிலில் கேட்கிறார், ஸ்டேஷனில் பென் டிரைவில் கொண்டுவரச் சொல்கிறார்கள், தெருவில் இருக்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் போடு, வண்டி யாருடையது என்று நாங்களே கண்டுபிடிக்கிறோம் என்கிறார்கள். கேமரா மாட்டியவர் போனை எடுப்பதே இல்லை. எட்டு சேனல் பெட்டி, கேபிள் போட்ட சாதாரண எச்டி கேமராக்கள். எனக்குக் கணினி ஓரளவு தெரியும், மிரட்டாமல் சொன்னால் செய்துகொள்வேன்.

பழைய மானிட்டர்:
இதற்கு எதற்கு இவ்வளவு பாடு? மானிட்டரில் ஓடவிட்டு போனில் வீடியோ எடுங்கள். கடையில் எனக்குத் தேவைப்படும்போதெல்லாம் அப்படித்தான். ஸ்டேஷனில் இருந்து வந்தவரே போனில்தான் பிடித்துக்கொண்டு போனார்.

வயர்மேன்:
நான் கேமரா மாட்டுகிற தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: போனில் பிடிப்பதை நம்பி ஒரிஜினலை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். மானிட்டரை போனில் பிடித்தால் திரையில் அலை அலையாகக் கோடு ஓடும், வெளிச்சம் மினுக்கும், நம்பர் பிளேட் மாதிரி சின்ன விஷயம்தான் முதலில் அழியும். உங்களுக்கு வேண்டியதே அந்த பிளேட்தான். அவசரத்துக்கு யாருக்காவது காட்ட வேண்டும் என்றால் சரி, அதற்கு மேல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது வழி. பேக்கப் திரையில், சேனலும் நேரமும் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஃபைல் ஃபார்மட் என்று ஒரு கட்டம் இருக்கிறதா பாருங்கள். டாஹுவா பெட்டிகளிலும், சிபி பிளஸ் பெட்டிகள் பலவற்றிலும், இன்னும் பெயர் மாற்றி விற்கிற எத்தனையோ பெட்டிகளிலும் அங்கே டிஏவி என்று தானாக நிற்கும். அதைத் தட்டினால் எம்பி4 என்றோ, கொஞ்சம் பழைய பெட்டியாக இருந்தால் ஏஎஸ்எஃப் என்றோ வரும். அதைத் தேர்ந்தெடுத்து இன்னொரு முறை எடுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் டிஏவியை அழிக்காதீர்கள், இரண்டும் இருக்கட்டும்.

இடித்த நொடியை மட்டும் வெட்டி எடுக்காமல் முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் சேர்த்து எடுங்கள். வண்டி எந்தப் பக்கம் இருந்து வந்தது, எங்கே திரும்பியது என்பது பக்கத்து கேமராவில் இருக்கும், எட்டு சேனலையும் பாருங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருந்தால்தான் பல பெட்டிகள் அதைக் கண்டுகொள்ளும்.

இதில் தள்ளிப்போடாதீர்கள். கணக்கு எளிது: ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் பதிந்தால் மணிக்கு 900 எம்பி, நாளுக்கு 21 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். எட்டு கேமரா, 1 டிபி டிஸ்க் என்றால் ஆறு நாளைக்கும் குறைவு. அதற்குப் பிறகு பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்து ஃபுட்டேஜைத் தொலைத்த வாடிக்கையாளர்கள் எனக்கு நிறைய உண்டு.

குறுக்குச்சந்து:
எக்ஸ்டென்ஷனை எம்பி4 என்று மாற்றிப் பாருங்கள், சில சமயம் விஎல்சி பிளேயரில் ஓடும்.

கட்டளைவரி:
பெயரை மாற்றினால் ஃபைல் மாறாது. விஎல்சி சில சமயம் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருப்பதை மோப்பம் பிடித்து ஓட்டிவிடும், அதைப் பார்த்து மாறிவிட்டது என்று நினைத்து அனுப்பினால் எதிர்முனையில் கறுப்புத் திரைதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். கேமராப் படத்தைச் சுருக்கியிருப்பது எச்.264 அல்லது எச்.265. உங்கள் போன் எடுக்கிற வீடியோவும் அதே முறைதான். எச்.264 2003லேயே வந்துவிட்டது, அதைத் திறக்காத கருவி இன்று இல்லை. சிக்கல் படத்தில் இல்லை, அதைச் சுற்றியிருக்கிற உறையில். டிஏவி ஃபைலை, உள்ளே இருக்கிற பைட்டுகளை அப்படியே காட்டுகிற ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் தொடக்கத்திலேயே டி, எச், ஏ, வி என்று நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், அதே முத்திரை திரும்ப வரும். சாதாரண பிளேயருக்கு அந்த உறையைப் பிரிக்கத் தெரியாது. எவர்சில்வர் தூக்கில் இருக்கிற சாம்பாரை டப்பாவுக்கு மாற்றுகிற வேலைதான் இது, மறுபடி கொதிக்கவைக்க வேண்டியதில்லை.

இணையத்தில் கிடைக்கிற 'இலவச கன்வர்ட்டர்' முக்கால்வாசி என்ன செய்கிறது என்றால், படத்தை முழுக்க விரித்து, திரும்பச் சுருக்கி எழுதுகிறது. நேரமும் ஆகும், ஏற்கெனவே டிவிஆர் கசக்கிப் பிழிந்து வைத்த படம் இன்னொரு தடவை நசுங்கும். சிலது நடுவில் தன் பெயரை வேறு பொறிக்கும்.

எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரலை இறக்கிக்கொள்ளுங்கள், புதிய பதிப்பாக இருக்கட்டும், டாஹுவா உறையைப் பிரிக்க அதற்குத் தெரியும். கட்டளை சின்னது: நிரலின் பெயர், உள்ளீட்டைக் குறிக்கிற ஐ என்ற கொடி (முன்னால் ஒரு சிறு கோடு போட்டு ஆங்கிலத்தில் அடிக்கிற குறியைத்தான் கொடி என்கிறேன்), உங்கள் டிஏவி ஃபைல், அப்புறம் சி என்ற கொடி, அதற்கு மதிப்பாக காப்பி, கடைசியில் புது ஃபைலின் பெயர் எம்பி4 என்று முடிய வேண்டும். அவ்வளவுதான். பத்து நிமிட ஃபைல் சில நொடியில் முடிந்துவிடும், அந்த வேகத்தை வைத்தே அது படத்தைத் தொடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

வயர்மேன்:
கட்டளை எல்லாம் வேண்டாம் என்கிறவர்களுக்கு: டாஹுவா தளத்திலேயே ஸ்மார்ட் பிளேயர் என்று இலவசமாக இருக்கிறது. டிஏவியைத் திறந்து, வேண்டிய பகுதியைக் குறித்து, எம்பி4 அல்லது ஏவிஐ ஆக ஏற்றுமதி செய்யலாம். என் வாடிக்கையாளர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். தயாரிப்பாளர் தளத்தில் மட்டும் இறக்குங்கள். தேடல் பக்கத்தில் மேலே வருகிற 'டிஏவி டு எம்பி4' விளம்பரங்களை நம்பி இறக்கி, லேப்டாப்பையே ஃபார்மட் செய்ய வைத்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

தெருமுனை:
எங்கள் பெட்டியின் பேக்கப் திரையில் டிஏவி தவிர வேறெதுவும் இல்லை. எஃப்எஃப்எம்பெக் முயன்றேன், பிழை காட்டி நின்றுவிட்டது. சிவப்பில் ஏதோ 'பிசிஎம் ஏலா' இந்தக் கன்டெய்னரில் ஆதரிக்கப்படவில்லை என்கிறது. ஃபைல் உருவாகியிருக்கிறது, ஆனால் 0 கேபி.

கட்டளைவரி:
அது ஒலியின் சிக்கல். உங்கள் கேமராவில் ஒன்றிலாவது மைக் இருக்கிறது. டிவிஆர்கள் ஒலியை ஜி.711 என்ற பழைய தொலைபேசி முறையில் பதிகின்றன, ஏலா என்பது அதில் ஒரு வகை. எம்பி4 அதை ஏற்காது. படத்தை அப்படியே நகலெடு, ஒலியை மட்டும் எம்பி4 ஏற்கிற ஏஏசி முறைக்கு மாற்று என்று சொல்ல வேண்டும்: சி கொடிக்குப் பதிலாக, சி:வி காப்பி, சி:ஏ ஏஏசி என்று இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். ஒலியே வேண்டாம் என்றால் ஏஎன் என்ற கொடி போதும், ஆனால் இடித்த சத்தம் பதிவாகியிருந்தால் அதை ஏன் விட வேண்டும்?

தெருமுனை:
வந்துவிட்டது! ஓடுகிறது. ஆனால் எல்லாமே ஒல்லியாக இருக்கிறது. லாரி பாதி அகலத்தில் குறுகலாகத் தெரிகிறது. மானிட்டரில் இப்படி இல்லையே?

வயர்மேன்:
1080என். விற்கும்போது பெட்டி மேல் 1080 என்று பெரிதாகவும் என் என்று சின்னதாகவும் போட்டிருப்பார்கள். 1920க்கு 1080 புள்ளி பதிய வேண்டிய இடத்தில் 960க்கு 1080தான் பதியும், பாதி அகலம். காட்டும்போது டிவிஆர் அதை இழுத்து விரித்துக் காட்டும், அதனால் மானிட்டரில் வித்தியாசம் தெரியாது. விலை குறைந்த எட்டு சேனல், பதினாறு சேனல் பெட்டிகளில் இது சகஜம். நம்பர் பிளேட் ஏன் பாதிதான் தெரிகிறது என்பதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. புதிதாக வாங்குகிறவர்கள் அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்து வாங்குங்கள், நாலு காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

கட்டளைவரி:
இதற்கும் படத்தைத் தொட வேண்டாம். ஆஸ்பெக்ட் என்ற கொடியில் 16:9 என்று கொடுத்து அதே நகல் கட்டளையை ஓட்டுங்கள். 'என்னை இந்த அகலத்தில் விரித்துக் காட்டு' என்று உறையின் மேல் ஒரு குறிப்பு எழுதுவதுதான் அது. பெரும்பாலான பிளேயர்கள் மதிக்கும். மதிக்காத ஏதாவது ஆப்பில் போட வேண்டி வந்தால்தான் உண்மையிலேயே 1920க்கு விரித்து மறுபடி சுருக்க வேண்டும். அப்படிச் செய்கிற பிரதி பார்வைக்கு மட்டும், ஆதாரமாக வைப்பதற்கு இல்லை.

வெட்டுவது பற்றி இன்னொன்று. நகல் முறையில் வெட்டினால் நீங்கள் சொன்ன நொடியில் துல்லியமாகத் தொடங்காது, முழுப் படமாகப் பதிவான ஃபிரேமில்தான் தொடங்க முடியும். டிவிஆர்களில் அது இரண்டு நொடிக்கு ஒருமுறையோ அதற்கும் இடைவெளி விட்டோ வரும். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே வெட்டுங்கள், தொடக்கத்தில் படம் சாம்பலாகக் குழம்பினால் காரணம் அதுதான்.

பழைய மானிட்டர்:
இவ்வளவும் செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் அது எப்படியும் மங்கலாக்கித்தான் அனுப்பும். என் போன் வீடியோவுக்கும் இதற்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

கட்டளைவரி:
வீடியோவாக அனுப்பினால் நீங்கள் சொல்வது உண்மை, வாட்ஸ்அப் சுருக்கிவிடும், எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் ஓரளவு சுருக்கும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள். இணைப்புக் குறியைத் தட்டி, கேலரிக்குப் போகாமல் டாக்குமென்ட் வழியாக அதே ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பைட் கூட மாறாமல் போகும், 2 ஜிபி வரை ஏற்கும். மெயிலில் என்றால் ஜிமெயில் இணைப்பு 25 எம்பி. 2 எம்பிபிஎஸ் படம் நிமிடத்துக்கு 15 எம்பி, ஆக ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகாது. சர்வேயருக்கு டிரைவ் லிங்க் கொடுங்கள், லிங்க் யாருக்கும் திறக்கிற மாதிரி இல்லாமல் அவருடைய மெயிலுக்கு மட்டும்.

வக்கீல் குமாஸ்தா:
கொஞ்சம் குறுக்கிடுகிறேன். இங்கே எல்லாரும் மாற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், ஸ்டேஷனுக்குக் கொடுக்க வேண்டியது மாற்றிய எம்பி4 மட்டும் இல்லை. டிஏவியையும் சேர்த்துக் கொடுங்கள், ஃபைலின் பெயரைக்கூட மாற்றாமல். எம்பி4 அவர்கள் பார்ப்பதற்கு வசதி, அவ்வளவுதான்.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் இருக்கிறது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சேர்க்கிற சான்றிதழை முன்பு 65பி சான்றிதழ் என்று சொல்வோமே, அது இப்போது பிரிவு 63. படிவத்தில் இரண்டு பகுதி: ஒன்று கருவியை வைத்திருப்பவர், அதாவது நீங்கள், இன்னொன்று நிபுணர் கையெழுத்திடுவது. ஃபைலின் ஹாஷ் மதிப்பையும், அதாவது அதன் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடுகிற அடையாள எண்ணையும், அதில் எழுத வேண்டும். சான்றிதழ் கட்டாயம் என்று 2020ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய பிரிவை வைத்துத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, அசல் கருவியையே அதன் உரிமையாளர் நேரில் கொண்டுவந்து நிரூபித்தால் தேவையில்லை என்பது அதே தீர்ப்பில் உள்ள விலக்கு. உங்கள் விஷயம் கோர்ட் வரை போகாமலே முடியலாம், ஆனால் போகும் என்று வைத்துக்கொண்டு எடுத்து வைப்பதில் செலவொன்றும் இல்லை.

ஹாஷ் எடுக்க எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது, ஹாஷ்ஃபைல் என்ற கொடியோடு ஃபைல் பெயரும் எஸ்எச்ஏ256 என்பதும் கொடுத்தால் நீளமாக ஓர் எண் வரும். பென் டிரைவில் இருந்து எடுத்த அன்றே அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைவரி சொன்ன நகல் முறை படத்தைத் தொடாவிட்டாலும் உறை மாறியதால் எம்பி4இன் ஹாஷ் வேறாகத்தான் இருக்கும். எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்கிற இடம் இது, அதனால்தான் அசல் வேண்டும் என்கிறேன். முதலில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சிஎஸ்ஆர் ரசீது வாங்கிவிட்டீர்களா?

தெருமுனை:
சிஎஸ்ஆர் வாங்கியாகிவிட்டது சார். டிவிஆர் கடிகாரம் போன் நேரத்தை விட ஏழெட்டு நிமிடம் பின்னால் ஓடுகிறது. இப்போதே சரி செய்துவிடலாமா?

வயர்மேன்:
இப்போது தொடாதீர்கள் தம்பி. டிவிஆர் நேரம் தெரிகிற திரையும் உங்கள் போனில் ஓடுகிற நேரமும் ஒன்றாக விழுகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைத்துவிட்டு, எல்லா சேனலிலும் பேக்கப் முடித்த பிறகு சரி செய்யுங்கள். முன்னாடியே மாற்றினால் பதிவில் ஒரே நேரம் இரண்டு தடவை வரும், இல்லை நடுவில் துண்டு விழும், அப்புறம் விளக்கம் சொல்லி மாளாது. இந்த மாதிரி சில நிமிடப் பிழை பெரும்பாலும் உள்ளே இருக்கிற கடிகாரம் நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குவதால் வருவது. பெட்டிக்கு இன்டர்நெட் இருந்தால் என்டிபி என்ற கட்டத்தில் டிக் போட்டு விட்டால் தானே சரி பார்த்துக்கொள்ளும்.

பழைய மானிட்டர்:
ஆக, போனில் படம் பிடிக்க ஒரு வேலை இருக்கிறது.

வயர்மேன்:
இருக்கிறது அண்ணா, ஒரே ஒரு போட்டோ.

மூன்றாம் மாடி:
தெருவாசிகள் குழுவில் போடுவது பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் அப்பார்ட்மென்ட்டில் இதே மாதிரி ஒரு ஃபுட்டேஜ் குழுவில் வந்தது, இடித்த வண்டி இது என்று ஒருவர் வட்டம் போட்டார், மாலைக்குள் அது நாலு குழுவுக்குப் போய், கடைசியில் பார்த்தால் அதே நிறத்தில் இருந்த வேறு வண்டி. அந்த மனிதர் இன்றைக்கும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாதி நம்பர் தெரிகிறது என்கிறீர்கள், அந்தப் பாதி எத்தனை வண்டிக்குப் பொருந்தும்? அதோடு கேட் கேமராவில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், எதிர் வீட்டு வாசல் எல்லாம் இருக்கும். போடத்தான் வேண்டும் என்றால் இடிக்கிற இருபது நொடியை மட்டும் வெட்டிப் போடுங்கள், 'பார்த்தவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்' என்று எழுதுங்கள்.

கட்டளைவரி:
இதே காரணத்துக்காகத்தான் ஆன்லைன் கன்வர்ட்டர் தளங்களில் இதை ஏற்ற வேண்டாம் என்பேன். வீட்டு வாசல், யார் எத்தனை மணிக்கு வெளியே போகிறார்கள் என்பதெல்லாம் யாரோ ஒருவருடைய சர்வரில் போய் உட்காரும். எல்லாமே உங்கள் லேப்டாப்பில் சில நொடியில் முடிகிற வேலை.

தெருமுனை:
சர்வேயருக்கு லிங்க் போய்விட்டது, அவர் திறந்து பார்த்துவிட்டார். ஸ்டேஷனில் ரைட்டர் எம்பி4ஐப் பார்த்தார், டிஏவி எதற்கு என்று கேட்டார், ஹாஷ் எழுதிய தாளோடு சேர்த்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். நான்காவது கேமராவில் லாரி திரும்புகிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு பால் கம்பெனியின் சின்னம் தெரிகிறது. அதை மட்டும் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன், குழுவில் போடவில்லை.

குறுக்குச்சந்து:
இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஹிக்விஷன் கம்பெனி பெட்டி. ஃபைல் எம்பி4 என்றுதான் வருகிறது, ஆனால் போனில் ஓடுவதில்லை. இதைத்தான் எம்பி4 என்கிறார்களா?

கட்டளைவரி:
பெயர் மட்டும் அப்படி. ஹிக்விஷன் பெட்டிகள் பலவற்றில் எம்பி4 என்று முடிகிற ஃபைலுக்குள் எம்பெக் புரோகிராம் ஸ்ட்ரீம் என்ற வேறு உறை இருக்கும், முன்னால் அவர்களுடைய சொந்தத் தலைப்பு ஒன்று ஒட்டியிருக்கும். அதே நகல் கட்டளை பெரும்பாலும் வேலை செய்யும். செய்யாவிட்டால் அவர்களுடைய விஎஸ் பிளேயரில் மாற்றும் கருவி இருக்கிறது. எச்.265ல் பதிவாகியிருந்தால் இன்னொரு கொடி சேருங்கள், டேக்:வி, அதற்கு எச்விசி1 என்று மதிப்பு. அது இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டில் ஓடுகிற அதே ஃபைல் ஐபோனில் ஓடாது. பழைய கணினி வைத்திருக்கிறவருக்கு எச்.265 எப்படியும் திணறும், அவருக்கு மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச நிரலில் போட்டு எச்.264 ஆகத் திரும்பச் சுருக்கிக் கொடுக்கலாம், தர எண்ணை 20 பக்கத்தில் வையுங்கள்.

இரவுப்பணி:
எனக்கு வேறு கதை. பெயரில்லாத பெட்டி, ஃபைல் 264 என்று முடிகிறது. மாற்றியதும் ஆட்கள் சார்லி சாப்ளின் மாதிரி ஓடுகிறார்கள்.

கட்டளைவரி:
அந்த ஃபைலில் உறையே இல்லை, வெறும் படம். எந்த ஃபிரேம் எந்த நொடிக்கு என்ற தகவல் உள்ளே இல்லாததால் எஃப்எஃப்எம்பெக் நொடிக்கு 25 என்று தானாக வைத்துக்கொள்கிறது. உங்கள் பெட்டி 12 அல்லது 15ல் பதிந்திருக்கும். ஃபிரேம்ரேட் என்ற கொடியை உள்ளீட்டு ஃபைலுக்கு முன்னால் போட்டு அந்த எண்ணைக் கொடுங்கள், பின்னால் போட்டால் பலிக்காது. எண் தெரியாவிட்டால் படத்தின் மூலையில் ஓடுகிற கடிகாரத்தைப் பாருங்கள்: அது ஒரு நிமிடம் நகர, வீடியோவில் 36 நொடிதான் ஆகிறது என்றால் 25ஐ 36ஆல் பெருக்கி 60ஆல் வகுங்கள், 15 வரும். விபத்து வீடியோவில் இதைக் கட்டாயம் பாருங்கள், மெதுவாக வந்த வண்டி வேகமாக வந்ததாக ஆகிவிடும்.

இரவுப்பணி:
12தான். இப்போது கடிகாரமும் வீடியோவும் ஒன்றாக நகர்கின்றன.